சுனாமிக்கு எந்த ஒழுங்கையால் ஓடுவது: ஜப்பானின் தாரோ ஊரை வைத்து வடமராட்சிக் கரைக்கு ஒரு திட்டம்

ஜப்பானின் வடகிழக்குக் கரையில் இவாத்தே மாகாணத்தில் தாரோ என்றொரு மீன்பிடி ஊர் இருக்கிறது. இப்போது மியாகோ நகருக்குள் சேர்ந்துவிட்டது. 1896 யூன் 15 இரவு வந்த சுனாமியில் அங்கே 1,859 பேர் இறந்தார்கள். 1933 மார்ச் 3 சாமத்தில் 911 பேர். அதற்குப் பிறகு கடலுக்கு எதிரே 10 மீற்றர் உயரத்துக்கு மதில் எழுப்பினார்கள். 1934இல் தொடங்கிய வேலையில் முதல் 1,350 மீற்றர் 1958இல்தான் முடிந்தது. பிறகு நீட்டி நீட்டி 2,433 மீற்றர் ஆக்கினார்கள். 2011 மார்ச் 11 அன்று கடல் அதன் மேலால் ஏறி வந்தது. 180க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள்.

அப்படியொரு மதிலை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில், எங்கள் கரையில் கட்ட யாரும் காசு தரப்போவதில்லை. தாரோவிடமிருந்து எடுக்கத்தக்கது அதன் ஒழுங்கைகள். 1933 அழிவுக்குப் பிறகு ஊரைத் திரும்ப அமைத்தபோது, வீதிகளை நேராக மலையடிவாரத்தை நோக்கி விட்டார்கள். சந்திகளில் காணி மூலைகளைச் சரிவாக வெட்டினார்கள். இருட்டில் ஓடிவருகிறவருக்கு அடுத்த வீதி தெரியவேண்டும், திரும்பும்போது ஆளோடு ஆள் மோதக்கூடாது என்பதற்காக. மார்ச் 3ஆம் திகதி வந்தால் ஊரோடு பயிற்சி ஓட்டம். காசு அதிகம் வேண்டாத வேலை இது. மணற்காடு, தாளையடி, மருதங்கேணி, உடுத்துறை போன்ற ஊர்களில் கடற்றொழிலாளர் சங்கமும் கிராம அலுவலரும் சனசமூக நிலையமும் சேர்ந்தால் ஒரு மாதத்துக்குள் செய்து முடிக்கலாம்.

எதைக் கண்டால் ஓடுவது

ஜப்பானில் நிலம் ஆடினால் ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆபத்து. எங்களுக்குச் சுனாமி வரக்கூடிய பெரிய வழி சுமாத்திரா, அந்தமான் பக்கத்துக் கடலடிப் பிளவு. 2004இல் அங்கே நிலம் அதிர்ந்தது எங்கள் நேரம் காலை 7 மணிக்குச் சற்று முன்னர். அலை இலங்கையின் கிழக்குக் கரைக்கு வர இரண்டு மணித்தியாலம் அளவில் எடுத்தது. கரையில் பெரும்பாலானோருக்கு ஆட்டமே தெரியவில்லை. ஜப்பானுக்கும் இது நடந்திருக்கிறது. 1960இல் சிலியில் நிலம் நடுங்கி, ஏறக்குறைய ஒரு நாள் கழித்து வந்து சேர்ந்த அலையில் 142 பேர் போனார்கள். அன்று அங்கே ஒரு சுவர்கூட அசையவில்லை.

ஆட்டம் தெரிந்தாலும் அதன் பலத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 1896இல் தாரோவில் உணர்ந்தது மெல்லிய ஆட்டம்தான். கடலடிப் பிளவு மெதுவாக வழுகியதால் வீடுகள் குலுங்கவில்லை, தண்ணீர் மட்டும் பெரிதாகத் தள்ளுப்பட்டது. சனம் வீட்டிலேயே இருந்துவிட்டது. ஆகவே எவ்வளவு நேரம் ஆடுகிறது என்று பாருங்கள். இருபது எண்ணி முடிந்த பிறகும் ஆடினால் வெளிக்கிட வேண்டும்.

இன்னொரு பிழையான நம்பிக்கை, கடல் வற்றினால்தான் சுனாமி என்பது. 2004இல் தாய்லாந்துப் பக்கம் முதலில் வற்றியது. இலங்கை, இந்தியப் பக்கம் பல இடங்களில் முதலில் ஏறியது, வற்றல் பிறகுதான் வந்தது. கடல் வற்றட்டும் பார்ப்போம் என்று கரையில் நிற்கிறவருக்குச் சிலவேளை முதல் அலைதான் அறிவித்தல்.

ஆக, ஓடுவதற்கு மூன்று காரணங்கள்: நீண்ட ஆட்டம், கடல் வழமைக்கு மாறாக ஏறுவது அல்லது வற்றுவது, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தல் (தொலைபேசி 117). மூன்றில் ஒன்று போதும். இரண்டாவது வரட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

நில உயரத்தை அளத்தல்

தாரோவுக்குப் பின்னால் மலை இருக்கிறது. எங்களுக்கு இல்லை. குடாநாட்டின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றருக்குள் அடங்கிவிடும். கண்ணுக்கு எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிகிற நிலத்தில் ஒரு மீற்றர் ஏற்றமும் பெறுமதியானது. கைத்தொலைபேசி காட்டும் உயரத்தை நம்பவேண்டாம். அது பத்து மீற்றர் பிழைக்கக்கூடியது, எங்கள் முழு உயரமே அவ்வளவுதான்.

மேசன்மார் பாவிக்கும் நீர்மட்ட ரியூப் போதும். 15 மீற்றர் நீளமான, ஒளி ஊடுருவும் ரியூப் ஒன்று, சென்ரிமீற்றர் கோடு போட்ட 2 மீற்றர் கம்பு இரண்டு, எழுத ஒரு கொப்பி. மூன்று பேர் வேண்டும். தண்ணீரில் துளி சலவை நீலம் கரைத்தால் மட்டம் வடிவாகத் தெரியும். ஒரு முனையை வாளித் தண்ணீருக்குள் வைத்து மற்ற முனையால் இழுத்து நிரப்புங்கள். குழாயில் பிடித்து வேகமாக நிரப்பினால் காற்றுக்குமிழ் நிற்கும். ஒரு குமிழ் நின்றாலே அளவு சென்ரிமீற்றர் கணக்கில் பிழைக்கும். நிரப்பியதும் இரண்டு முனையையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு மட்டமும் ஒன்றாக நிற்காவிட்டால் குமிழ் உள்ளே இருக்கிறது.

கடல் பெருகி நிற்கும் நேரத்து ஈரக்கோட்டில் முதல் கம்பு. பத்து மீற்றர் உள்ளே, ஓடப்போகும் பாதையில், இரண்டாவது கம்பு. இரண்டு கம்பும் நிமிர்ந்து நிற்கவேண்டும். நடக்கும்போது முனைகளை விரலால் அடைத்துக்கொண்டு போய், நின்ற பிறகு இரண்டையும் ஒன்றாகத் திறவுங்கள். தண்ணீர் ஆடி அடங்க அரை நிமிடம் விடுங்கள். கடல்பக்கக் கம்பில் 132, தரைப்பக்கக் கம்பில் 118 என்று வந்தால், நிலம் 14 சென்ரிமீற்றர் ஏறியிருக்கிறது. தரைப்பக்கம் கூடுதலாக வந்தால் இறக்கம், கழிக்கவேண்டும். பிறகு இரண்டாவது கம்பு நின்ற அதே இடத்துக்கு முதல் கம்பு வரும். இப்படியே போய்க் கூட்டுங்கள். மணல் திட்டியில் சரிவு கூடினால் பத்து மீற்றரை மூன்று மீற்றராகக் குறையுங்கள். திட்டியின் தளர்ந்த மணலில் கம்பு புதையும், அடியில் ஓட்டுத்துண்டு ஒன்றை வையுங்கள்.

ஒரு கிலோமீற்றருக்கு நூறு தரம் கம்பு நட வேண்டும், அரை நாள் வேலை. முடிவில் வேறொரு ஒழுங்கையால் அளந்துகொண்டு தொடங்கிய இடத்துக்கு வாருங்கள். கூட்டினால் பூச்சியத்துக்குக் கிட்ட வரவேண்டும். பத்து சென்ரிமீற்றருக்கு மேல் பிழைத்தால் எங்கோ ஒரு கழித்தலைக் கூட்டியிருக்கிறீர்கள். கொப்பியில் பெரும்பாலும் அதுதான் பிழை.

அளக்கும்போது பள்ளங்களைத் தனியே குறியுங்கள். மணல் திட்டி உடைந்த இடம், மழைவெள்ளம் கடலுக்கு வெட்டிவிடும் வாய்க்கால், வள்ளம் இழுக்கத் திட்டியைச் சமப்படுத்திய இடம் எல்லாம் அலைக்கு வாசல்.

எங்கே போய்ச் சேருவது

வடமராட்சி கிழக்கில் கடலுக்கும் பின்னால் உள்ள நீரேரிக்கும் இடையில் ஒடுங்கிய நிலம். கடலை விட்டு ஓடி நீரேரிக் கரையில் நின்றால் தப்பியதாகாது. சுனாமி முகத்துவாரங்களால் ஏறி நெடுந்தூரம் உள்ளே போகும். 2011இல் ஜப்பானின் ஒகாவா தொடக்கப் பாடசாலை கடலிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீற்றர் உள்ளே, ஆற்றோரத்தில் இருந்தது. 74 பிள்ளைகள் இறந்தார்கள். பக்கத்தில் மலை இருந்தும் ஐம்பது நிமிடம் அளவில் மைதானத்திலேயே வைத்திருந்தார்கள். மருதங்கேணியில் உள்ளவர்கள் புதுக்காட்டுச் சந்திக்குப் போகும் வீதியால் நீரேரியைத் தாண்டவேண்டும் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

நேரம் போதாமல் போனால் இரண்டாவது தெரிவு மாடிக் கட்டடம். தாரோவில் ஆறு மாடிச் சுற்றுலா விடுதி ஒன்று 2011இல் நின்று பிடித்தது. முதல் இரண்டு தளத்திலும் சுவரெல்லாம் அள்ளுண்டு இரும்புச் சட்டம் மட்டும் மிஞ்சியது, தண்ணீர் நாலாம் தளம் வரை போனது. இன்றும் அதை அப்படியே நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். கட்டடத்தைத் தெரிவு செய்யும்போது கொங்கிறீட் தூணும் பீமும் உள்ளதா என்று பாருங்கள், கல்லடுக்கிக் கட்டிய சுவரில் நிற்கும் மேல்வீடு வேண்டாம். முன்வரிசைக் கட்டடமும் வேண்டாம். மொட்டைமாடிப் படிக்குக் கதவு இருந்தால் திறப்பு யாரிடம் என்பதையும் எழுதவேண்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் எங்கே நிற்பார் என்பதையும் கேளுங்கள். 2004 மார்கழி 26 ஒரு ஞாயிறு.

பயிற்சியைச் சௌகரியமான இடத்தில் வைக்காதீர்கள். இவாத்தேயில் கமாயிஷி நகரின் உனோசுமாய்ப் பகுதியில் மேட்டுக்கு ஏறுவது முதியோருக்குக் கஷ்டம் என்று, தாழ்வான இடத்தில் இருந்த அனர்த்தத் தடுப்பு நிலையத்தில் பயிற்சி நடந்துவந்தது. 2011இல் சனம் பழக்கத்தில் அங்கேயே போனது. அந்தக் கட்டடத்துக்குள் 160க்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிட்டார்கள். அதே ஊரில், உண்மையான மேட்டுக்கு ஓடிப் பழகியிருந்த கனிஷ்ட பாடசாலைப் பிள்ளைகள் சிறுவர்களையும் கைப்பிடித்துக்கொண்டு தப்பினார்கள்.

பாதையும் நேரமும்

கணக்கை இப்படிப் போடுங்கள். அலைக்கு இரண்டு மணித்தியாலம். அறிவித்தல் ஊருக்குள் வந்து சேர ஒரு மணித்தியாலம் போய்விட்டது என்று வையுங்கள். வீட்டை விட்டு வெளிக்கிட 15 நிமிடம். மிச்சம் 45 நிமிடம். முதியவரும் கைக்குழந்தைக்காரியும் செக்கனுக்கு அரை மீற்றர் நடப்பார்கள். அப்படியானால் 1,350 மீற்றர். உங்கள் இடம் அதற்கு அப்பால் என்றால் மெதுவாக நடப்போருக்கு வாகனம் வேண்டும்.

வாகனம் நடக்க முடியாதவர்களுக்கு மட்டும். 2011இல் ஜப்பானில் எத்தனையோ பேர் வீதி நெரிசலில் காருக்குள்ளேயே அகப்பட்டார்கள். எந்த ஓட்டோ எந்த வீட்டு அம்மம்மாவை ஏற்றும், ஓட்டோக்காரர் ஓட்டத்தில் வெளியே நின்றால் அடுத்தது யார் என்று பெயரோடு எழுதுங்கள்.

பாதையைப் பகலில் ஒருமுறை, லைற் இல்லாத இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். இரவில்தான் தெரியும்: ஒழுங்கைக்குக் குறுக்கே காயும் வலை, சரிந்த முள்ளுக்கம்பி, மூடாத கிணறு, பூட்டிய படலை. தாரோவின் சந்தி மூலையைப்போல் ஒழுங்கை திரும்பும் இடத்தில் கிடுகுவேலியை இரண்டு மீற்றர் உள்ளே சரித்து அடைக்கச் சொல்லுங்கள். மதில் கட்டியவர் சம்மதிப்பது கடினம்தான். புதிதாகக் கட்டுவோரையாவது முன்கூட்டிக் கேளுங்கள்.

அறிவித்தலில் என்ன சொல்வது

2011இல் நிலம் ஆடி மூன்று நிமிடத்தில் வந்த முதல் எச்சரிக்கை, இவாத்தேக்கு அலை 3 மீற்றர் என்றது. 10 மீற்றர் மதிலுக்குப் பின்னால் இருந்தவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பிற்பகல் 3.14க்கு 6 மீற்றர், 3.31க்கு 10 மீற்றருக்கு மேல் என்று திருத்தினார்கள். மின்சாரம் நின்றதால் திருத்தம் பலரைச் சேரவில்லை. போதாததற்கு மதில் கடலை மறைத்துவிட்டது, அலை எழும்பி வருவது கண்ணில் படவில்லை. 2013 தொடக்கம் ஜப்பான் மிகப் பெரிய நிலநடுக்கத்துக்கு முதல் அறிவித்தலில் மீற்றர் சொல்வதில்லை, சொல்லால் மட்டும் எச்சரிக்கிறது.

ஆகவே உங்கள் ஒலிபெருக்கியில் உயரமும் வேண்டாம், நேரமும் வேண்டாம். இடத்தின் பெயரோடு ஒரே வசனம்: "சுனாமி வருது, எல்லாரும் உடனே பள்ளிக்கூட மாடிக்குப் போங்கோ." தேவாலய மணியோ கோயில் மணியோ அடிப்பதென்றால் பூசைக்கும் சாவுக்கும் அடிக்காத ஒரு அடியைத் தீர்மானியுங்கள், நிறுத்தாத அடி நல்லது. கைமைக்குக்குப் பற்றரி எட்டு வேண்டுமென்றால் பதினாறு வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பற்றரியை மைக்குக்குள்ளேயே போட்டு வைத்தால் உப்புக்காற்றில் கசிந்து முனையைத் தின்றுவிடும்.

வள்ளம்

கரையில் நிற்கும் வள்ளத்தையும் எஞ்சினையும் விட்டுவிடுங்கள். இவாத்தேயில் ஃபுதாய் என்ற ஊரை 15.5 மீற்றர் வெள்ளக்கதவு 2011இல் காத்தது. அங்கே காணாமற்போனவர் ஒரேயொருவர், படகைப் பார்க்கப் போனவர்.

கடலில் நிற்பவர் திரும்பி வரக்கூடாது. ஆழக்கடலில் அலை உயரம் குறைவு, கரை கிட்டக் கிட்ட எழும்பும். கிழக்கே தொழில் செய்வோர் 100 மீற்றருக்கு மேல் ஆழமான பக்கம் விடலாம். பாக்கு நீரிணையில் அந்த ஆழமே இல்லை. கரை கிட்ட நின்று அறிவித்தல் கேட்டால் உடனே வந்து வள்ளத்தை விட்டு ஓடுவதா, வெளியே விடுவதா என்பதை இடத்துக்கிடம் சங்கத்தில் இப்போதே பேசித் தீருங்கள். துறைமுக வாசலில் நீரோட்டம் மணிக்கணக்காகச் சுழலும். அலை நின்றதுபோல் தெரிந்தாலும் உள்ளே நுழையவேண்டாம்.

பையும் பயிற்சியும்

பை சின்னதாக இருக்கட்டும்: அடையாள அட்டை, காணி உறுதியின் பிரதி, வங்கிப் புத்தகம், படகுப் பதிவு, மருந்து, தண்ணீர், ரோர்ச். எல்லாம் பொலித்தீனில் கட்டி வாசலடியில்.

திரும்பி வருவதில்தான் பலர் இறக்கிறார்கள். அலை ஒன்றல்ல, பல. இரண்டுக்கும் இடையில் அரை மணித்தியாலமும் இருக்கும், ஒரு மணித்தியாலமும் இருக்கும். முதலாவது பெரியதாக இருக்கவேண்டும் என்றில்லை. 117இல் கேட்டு உறுதி செய்யும்வரை ஒருவரும் இறங்கக்கூடாது.

2012 ஏப்பிரல் 11 சுமாத்திராவுக்கு வெளியே 8.6 அளவில் ஆடியபோது இங்கும் சனத்தை எழுப்பினார்கள், பெரிய அலை வரவில்லை. அந்த முறை நிலம் பக்கவாட்டில் வழுகியது, கடலைத் தூக்கவில்லை. அறிவித்தல் கொடுக்கும் நேரத்தில் அதை யாராலும் தெரிந்திருக்க முடியாது. ஜப்பானிலும் 2010இல் சிலி நிலநடுக்கத்துக்கு 3 மீற்றர் என்று எச்சரித்து ஒரு மீற்றர் அளவில்தான் வந்தது. வீணாக ஓடினோம் என்று முணுமுணுக்கிறவர் அடுத்தமுறை வரமாட்டார். அதனால் அப்படியான ஓட்டத்தையும் பயிற்சிக் கொப்பியில் பதியுங்கள்: எந்த வீடு எத்தனை நிமிடத்தில் வந்தது, யார் வரவில்லை, எந்தப் படலை பூட்டியிருந்தது. மார்கழி 26 அஞ்சலி நாள், அன்று பயிற்சி வைக்க மனம் வராது. வாடைக்காற்று தொடங்கமுன் புரட்டாதியில் ஒன்று பகலிலும், தையில் ஒன்று இரவிலும் வையுங்கள். புதிதாக வந்து குடியேறிய வீடு, புதிதாக எழும்பிய மதில், மழைக்கு உடைந்த திட்டி மூன்றையும் ஒவ்வொரு பயிற்சிக்கும் முதல் நாள் வரைபடத்தில் திருத்துங்கள்.