வகுப்பறைக்குள் ஒரு பாதுகாப்பு அறை: பணம் கட்டும் முன் சாக்பீஸால் கோடு போடுங்கள்

வகுப்பறை மூலையில் ஒரு இரும்பு அறையை நிறுத்திவிட்டால் போதும், காற்று எப்படி வந்தாலும் பிள்ளைகள் உள்ளே போய்விடுவார்கள் என்று நினைக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும்தான் இதை எழுதுகிறேன். யோசனை நல்லதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் சுவர்த் தகட்டின் கனத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது வேறு: கதவு எப்படிப் பூட்டும், தரை தாங்குமா, உள்ளே உண்மையில் எத்தனை பேர் அடங்குவார்கள்.

அதற்கும் முன்னால், எந்த ஆபத்துக்காக என்று முடிவு செய்துகொள்ளுங்கள். டொர்னாடோ (மேகத்திலிருந்து தரைவரை இறங்கிச் சுழன்று வரும் கடுங்காற்று) என்றால் கையில் இருப்பது சில நிமிடங்கள். 2013 மே 20 அன்று அமெரிக்காவில் ஓக்லஹோமாவின் மூர் பகுதியைத் தாக்கிய சுழலுக்கு எச்சரிக்கை வந்தது பிற்பகல் 2.40க்கு, அது தரையைத் தொட்டது 2.56க்கு. பாதுகாப்பு அறை இல்லாத பிளாசா டவர்ஸ் தொடக்கப் பள்ளியில் அன்று 7 பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு 6 வருடம் முன்னால், 2007 மார்ச் 1, அலபாமாவின் என்டர்பிரைஸ் உயர்நிலைப் பள்ளியில் 8 மாணவர்கள் பலியானார்கள்; அவர்கள் ஒதுங்கியிருந்தது கட்டடத்துக்குள் இருந்த நடைகூடத்தில். ஜன்னல் இல்லாத உள்பக்க நடைகூடம் என்பது வேறு வழி இல்லாதபோது செய்ய வேண்டியது, அவ்வளவுதான். வகுப்பறைக்குள்ளேயே அறை இருந்தால் ஓட வேண்டிய தூரமே இல்லை, இதன் பெரிய லாபம் அதுதான்.

கடலில் உருவாகி வரும் புயல் கதை வேறு. நாள் கணக்கில் முன்னறிவிப்பு கிடைக்கும், பள்ளிக்கு லீவு விட்டுவிடலாம், பிள்ளைகள் அங்கே இருக்கவே கூடாது. கடல் உள்ளே வரக்கூடிய இடத்திலோ வெள்ளம் தேங்கும் பள்ளத்திலோ பள்ளி இருந்தால், தரைத்தளத்தில் நிற்கும் இரும்பு அறை பொறியாகிவிடும். காற்றுக்குத் தப்பித்தவர்கள் தண்ணீரில் மாட்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட பள்ளிக்கு நான் இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

சரி, டொர்னாடோதான் கவலை என்று வைத்துக்கொள்வோம். விற்பனையாளரைக் கூப்பிடும் முன் ஒரு சாக்பீஸ் எடுங்கள். அமெரிக்காவில் இந்த அறைகளுக்கான தரநிலை ஐசிசி 500. டொர்னாடோ அறையில் உட்காரவோ நிற்கவோ ஒருவருக்கு 5 சதுர அடி, சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு 10 சதுர அடி என்பது அதன் கணக்கு. (கடல் புயலுக்கு ஒருவருக்கு 20 சதுர அடி, ஏனென்றால் அங்கே 2 மணி நேரம் இல்லை, 24 மணி நேரம் உள்ளே இருக்க வேண்டிவரும்.) 34 பிள்ளைகள், சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, 2 ஆசிரியர்கள் என்றால் 190 சதுர அடி வருகிறது. சாமான் எதுவும் இல்லாத அறையிலும் 85 சதவீத இடத்தைத்தான் கணக்கில் எடுக்கலாம் என்பதால் கிட்டத்தட்ட 224, அதாவது 14க்கு 16 அடி. அதை வகுப்பறைத் தரையில் கோடாகப் போட்டுப் பாருங்கள். பெஞ்சுகளில் பாதியை எங்கே போடுவது என்ற கேள்வி உடனே வந்துவிடும்! இப்போது பக்கத்திலேயே 8க்கு 10 அடியில் இன்னொரு கட்டம் போட்டு, மொத்த வகுப்பையும் அதற்குள் உட்காரச் சொல்லுங்கள். கோட்டுக்கு வெளியே எத்தனை முழங்கால் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ணினாலே போதும், ‘40 பேர் தாராளமாக அடங்குவார்கள்’ என்று யாராவது சொன்னால் என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு என் அபிப்பிராயம் இதுதான்: இடம் குறைவான பள்ளி, ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெட்டியைத் திணிப்பதைவிட, இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கம்பி கட்டிய காங்கிரீட்டில் ஒரு அறை கட்டி, சாதாரண நாட்களில் அதையே வாசிப்பு அறையாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு வகுப்பிலிருந்தும் நேராகக் கதவு இருக்க வேண்டும், அந்தக் கதவுகளும் அறையின் சுவருக்குச் சமமான பலத்தோடு இருக்க வேண்டும், உள்ளே போடும் அலமாரி, நாற்காலி பிடிக்கும் இடத்தையும் கணக்கில் கழிக்க வேண்டும், இல்லையென்றால் கட்டுவதில் அர்த்தமில்லை.

பலம் பற்றி. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும், அதனால் ‘கொஞ்சம் கூடுதல் காற்று’ என்று எதுவும் கிடையாது. ஐசிசி 500இல் மிகக் கடுமையான பகுதிக்கான கணக்கு மணிக்கு 250 மைல், சுமார் 400 கிலோமீட்டர். காற்றைவிட அதிகம் பேரைக் கொல்வது அது தூக்கி வரும் பொருள்கள். சோதனைக்கூடத்தில் ஏறக்குறைய 7 கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவர்மேலும் கதவுமேலும் எறிந்து பார்க்கிறார்கள்; துளைத்துக்கொண்டு உள்ளே வரக் கூடாது. விற்பவரிடம் இந்தச் சோதனையின் அறிக்கையைக் கேளுங்கள். சுவருக்கு ஒன்று, கதவுக்குத் தனியாக ஒன்று. கதவு என்றால் பலகை மட்டும் இல்லை, நிலை, கீல், தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்துச் சோதித்திருக்க வேண்டும். நல்ல கதவில் ஒரே கைப்பிடியைத் திருப்பினால் மூன்று இடத்தில் தாழ் விழும். உள்ளிருந்து திறக்க எந்தச் சாவியும் தேவைப்படக் கூடாது. இடிபாடு விழுந்து அந்தக் கதவு அடைத்துக்கொண்டால் வெளியே வர இன்னொரு வழி எங்கே என்பதையும் கேட்டுவிடுங்கள், பல பேர் அந்தக் கேள்வியில் தடுமாறுவார்கள்.

தரை. எவ்வளவு நல்ல பெட்டியாக இருந்தாலும் அதைத் தரையோடு பிடித்திருப்பது சில ஆங்கர் போல்ட்டுகள்தான். பழைய வகுப்பறைத் தரை மெல்லியதாக, கம்பியே இல்லாமல் இருக்கலாம். காங்கிரீட்டைத் துளைத்துக் கனத்தைப் பார்க்காமல், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் போல்ட் அடிக்க விடாதீர்கள். பக்கத்துச் சுவரோ மேற்கூரையோ பெட்டிமேல் சரிந்தால் அந்தப் பாரத்தையும் தாங்க வேண்டும், அதையும் அவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும். மாடி வகுப்பில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், கட்டடம் போனால் பெட்டியும் கூடவே போகும்.

உள்ளே காற்றோட்டத் துளைகள் வேண்டும், காற்றில் பறந்து வரும் பொருள் நுழையாதபடி அவற்றுக்குத் தடுப்பு வேண்டும். பேட்டரி விளக்கு, தண்ணீர், முதலுதவிப் பெட்டி, மூடியுள்ள ஒரு வாளி, வகுப்பின் பெயர்ப் பட்டியல், ஒரு விசில். இன்ஹேலர் வைத்திருக்கும் பிள்ளை யார் என்பது ஆசிரியருக்குப் பட்டியலைப் பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். இதற்குமேல் எதையும் அடுக்காதீர்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் பார்த்த ஒரு பள்ளியில் அந்த அறையைத் திறந்தபோது முதலில் வெளியே விழுந்தது ஒரு துடைப்பம். பின்னால் உடைந்த நாற்காலிகள், ஆண்டு விழா பேனர்கள், சுருட்டிய வரைபடங்கள். காலியாக ஒரு இடம் இருந்தால் பள்ளிக்கூடத்துக்குக் கை சும்மா இருக்காது. சாவியோ அலுவலகத்தில் இருந்தது.

அப்புறம் பயிற்சி. கைக்கடிகாரம் வைத்து நேரம் பாருங்கள், ஆனால் முதல் பிள்ளை உள்ளே போனதை இல்லை, கடைசி ஆள் நுழைந்து தாழ் விழுந்த நொடியை. மெதுவாக நடக்கும் பிள்ளையை முதலில் அனுப்புவதா கடைசியிலா என்பது இரண்டு முறை செய்து பார்த்தால் தெரிந்துவிடும். பையை எடுக்கக் கூடாது, வரிசையில் முட்டக் கூடாது, உள்ளே போனதும் சுவரை ஒட்டி உட்கார்ந்து தலையைக் கையால் மூட வேண்டும். விளக்கை அணைத்து ஒரு தடவை செய்யுங்கள். சின்ன வகுப்புகளில் அழுகை வரும், அது இப்போதே வந்து போகட்டும். ஆசிரியர் இல்லாத நேரமாகவும் ஒரு தடவை செய்து, கதவை யார் மூடுவது என்று பிள்ளைகளுக்கே தெரிகிறதா பாருங்கள்.

எல்லா ஆபத்துக்கும் இது மருந்தில்லை என்பதையும் பயிற்சியிலேயே சொல்லிவிட வேண்டும். தீ என்றால் வெளியே ஓட வேண்டும், பெட்டிக்குள் போகவே கூடாது. நிலநடுக்கத்தில் அதை நோக்கி ஓடினால் வழியிலேயே விழுவார்கள், அருகில் இருக்கும் மேசைக்கு அடியில் குனிந்து பிடித்துக்கொள்வதே சரி. நச்சுவாயு கசிந்தால் காற்றோட்டத் துளை வழியாக உள்ளே வரும். ஆயுதத்தோடு யாராவது நுழைந்தால் உதவுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள்: மரச்சட்டத்தைத் தடுக்கும் கதவு தோட்டாவைத் தடுக்கும் என்று அர்த்தமில்லை, அதற்குத் தனிச் சோதனை, தனி அறிக்கை. ஆகவே மணிச் சத்தத்தை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறாக வையுங்கள், ஒரே மணி வைத்தால் தீ விபத்தன்று பாதி வகுப்பு பெட்டிக்குள் இருக்கும்.

வாரத்தில் ஒரு நாள், வருகைப் பதிவு எடுத்த கையோடு, ஆசிரியர் அந்தக் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும். மூன்று தாழும் விழுகிற சத்தம் கேட்கிறதா, விளக்கு எரிகிறதா, உள்ளே துடைப்பம் ஏதும் குடியேறியிருக்கிறதா.