தட்டில் மோதும் காற்றுத்தாரை: சுழல்களைத் தூண்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாசிலிலிருந்து (காற்று வெளிவரும் குழாய்முனை) பாயும் காற்றுத்தாரையைச் சூடான தட்டில் மோதவிட்டுக் குளிர்விக்கலாம். ஸ்பீக்கர் வைத்து அந்தத் தாரையைச் சீராக அதிரவிட்டுச் சுழல்களைத் தூண்டும் பரிசோதனையில், பலரும் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். நாசிலின் விட்டமும் தாரையின் வேகமும் தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. அதிர்வெண்ணை விட்டத்தால் பெருக்கி வேகத்தால் வகுத்தால் வருவது ஸ்ட்ரூஹல் எண். 20 மி.மீ. நாசில், நொடிக்கு 10 மீட்டர் வேகம் என்றால் 150 ஹெர்ட்ஸ் என்பது 0.3. வட்டத் தாரையில் பெரிய சுழல் வளையங்கள் நன்றாக வளர்வது ஏறத்தாழ இந்த அளவில்தான். ஆனால் 150 என்பது கரன்ட்டின் 50 ஹெர்ட்ஸைப் போல மூன்று மடங்கு. அளவுக்கருவியின் சிக்னலில் நிற்கும் முகடு சுழலுடையதா, மின் இரைச்சலா என்று பிரிக்க முடியாது. 140 அல்லது 160 வைத்துக்கொள்ளுங்கள்.

ஆம்ப்ளிஃபயர் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு அதிர்வெண்ணை மட்டும் மாற்றுவதுதான் மிக மோசமான தவறு. நாசிலுக்குப் பின்னுள்ள காற்றறைக்கு அதற்கே உரிய ஒத்ததிர்வு உண்டு. அதே வோல்ட்டுக்கு ஓரிடத்தில் வாயில் வேக அலைவு பல மடங்காகும், இன்னோரிடத்தில் தெரியவே தெரியாது. பிறகு வரையும் வரைபடம் சுழலைப் பற்றியதல்ல, பெட்டியைப் பற்றியது. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஹாட்வயரை (காற்று வேகத்தை அளக்கும் சூடான மெல்லிய கம்பி) நாசில் வாயில் வைத்து, அலைவைச் சராசரி வேகத்தில் 1 சதவீதம் என்பதுபோல ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

சுழல் வலுத்தால் தட்டு நன்றாகக் குளிரும் என்று நினைப்பதும் பிசகு. தட்டு நாசிலுக்கு மிக அருகே இருக்கும்போது, தாரையில் தானாகவே சுழல்கள் உருவாகும் இயல்பான அதிர்வெண்ணை ஒட்டித் தூண்டினால் வெப்பக் கடத்தல் கூடியது, அதில் பாதியில் தூண்டினால் சில இடங்களில் குறைந்தது என்று 1996-இல் லியூ, சல்லிவன் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாதி அதிர்வெண்ணில் சுழல்கள் ஒழுங்காக இரண்டிரண்டாக இணைந்து பெரிதாகின்றன. அவை தட்டை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கான எல்லைப்படலத்தைத் தட்டிலிருந்து பிய்த்தெடுப்பதால், அந்த இடங்களில் வெப்பக் கடத்தல் குறைகிறது. ஆகவே தட்டின் நடுவில் மட்டும் அளந்து முடிவு எழுதாதீர்கள். மையத்திலிருந்து குறைந்தது மூன்று நாசில் விட்டம் வரை அளக்க வேண்டும்.

மதுரை வெயிலில் ஆய்வகம் 38 டிகிரிக்குப் போனால், 20 டிகிரிக்கான பாகுநிலையைப் போட்டுக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுப்பது) சுமார் 10 சதவீதம் கூடுதலாக வரும். ஹாட்வயரும் டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் வேகத்தைப் பிசகிக் காட்டும். மின்விசிறியை நிறுத்துங்கள், அளவுதிருத்தத்தை அன்றைய வெப்பநிலையிலேயே செய்யுங்கள்.

புகைவிட்டு ஃபோனில் எடுப்பவர்களுக்கு: நொடிக்கு 30 ஃபிரேமில் 150 ஹெர்ட்ஸ் சுழல்கள் நின்ற இடத்திலேயே நிற்பதாகத் தோன்றும். 149 ஹெர்ட்ஸில் எல்.இ.டி. விளக்கைச் சிமிட்டவிட்டு, கண்ணால் பாருங்கள். அசைவு நொடிக்கு ஒரு சுற்றாக மெதுவாகத் தெரியும்.