எதிர்க்கட்சிக்குப் பதில் சொல்லப் போய் வெள்ளை மாளிகை மாட்டிக்கொண்ட இடங்கள்

1988 அமெரிக்க அதிபர் தேர்தல். கோடைக்காலக் கருத்துக்கணிப்பு ஒன்றில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் மைக்கேல் டுகாக்கிஸ் 17 புள்ளிகள் முன்னே நின்றார். அவர் ஆளுநராக இருந்த மாசசூசெட்ஸில் சிறைக் கைதிகளுக்கு விடுப்பு தரும் திட்டம் இருந்தது. அப்படி விடுப்பில் போன ஒரு கைதி செய்த கொடுங்குற்றத்தை எடுத்துக்கொண்டு குடியரசுக் கட்சி வேட்பாளர் மூத்த புஷ்ஷின் தரப்பு விடாமல் அடித்தது. டுகாக்கிஸ் இதற்கெல்லாம் இறங்கிப் பதில் சொல்வதா என்று இருந்துவிட்டார். 40 மாநிலங்களில் தோற்றார்.

அடுத்த தேர்தலில் பில் கிளின்டனின் ஆட்கள் இதை மனத்தில் வைத்துத்தான் வேலையைத் தொடங்கினார்கள். லிட்டில் ராக் நகரில், நின்றுபோன ஒரு நாளிதழின் பழைய கட்டடத்தில் ஜேம்ஸ் கார்வில், ஜார்ஜ் ஸ்டெஃபனோபொலஸ் இருவரும் ஒரு அறையை நடத்தினார்கள். எதிரணி ஒன்று சொன்னால், அன்றைய செய்தி முடிவதற்குள் பதில் போயாக வேண்டும் என்பது அங்கே விதி. 'வார் ரூம்' என்ற பெயர் ஹிலாரி வைத்தது. இன்று நம்மூர்க் கட்சிகளும் தேர்தல் வந்தால் அதே பெயரில் அறை போடுகின்றன.

கிளின்டன் ஜெயித்தார். சிக்கல் அதற்கப்புறம்தான். ஆட்சிக்கு வந்தவர்கள் அந்த அறையின் பழக்கத்தை அப்படியே வெள்ளை மாளிகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேர்தல் குழுவுக்கு மூலதனம் வாய்தான். அரசுக்குக் கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பைக் கேட்டுச் சம்மன் அனுப்பும் அதிகாரம் நாடாளுமன்றக் குழுக்களுக்கு இருக்கிறது. விசாரணையில் பொய் சொன்ன அதிகாரி சிறைக்கும் போகலாம். இந்த வித்தியாசத்தை மறந்ததில்தான் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை தொடங்குகின்றன.

அதற்காக ஆட்சியில் வார் ரூமே கூடாது என்பதல்ல. 1993 பட்ஜெட்டுக்கு, கருவூலத் துறைத் துணைச் செயலர் ராஜர் ஆல்ட்மன் தலைமையில் ஒன்று போட்டார்கள். பிரதிநிதிகள் சபையில் 218-216, செனட்டில் சரிபாதி, துணை அதிபர் அல் கோர் தன் வாக்கைப் போட்டு நிறைவேறியது. ஒரே மசோதா, ஒரே கெடு, எண்ண வேண்டிய தலைகளும் தெரிந்தவை. அதனால் வேலை செய்தது. அதே பாணியை ஹிலாரியின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குப் போட்டபோது எடுபடவில்லை. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய மசோதா அது. காப்பீட்டு நிறுவனங்களோ சமையலறை மேசையில் ஒரு கணவன் மனைவியை உட்காரவைத்துக் கவலைப்படச் செய்து விளம்பரம் எடுத்தன. அந்தக் கவலைக்கு ஒரு வரியில் சொல்லப் பதில் இல்லை. 1994 செப்டம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

கேட்ட தாளைக் கொடுக்காமல் இழுப்பது

என் கணக்கில் இருப்பதிலேயே விலை உயர்ந்த தவறு இதுதான்.

சொந்த மாநிலமான ஆர்கன்சாவில் கிளின்டன் தம்பதி ஒரு நில வியாபாரத்தில் பங்கு போட்டிருந்தார்கள். வைட்வாட்டர் என்று பெயர். லாபம்கூட வரவில்லை, கைப்பணம்தான் போனது. 1993 கடைசியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அது சம்பந்தமான ஆவணங்களைக் கேட்டது. கொடுத்துவிடலாம், இரண்டு வாரம் திட்டு வாங்கினால் முடிந்துவிடும் என்ற கருத்து ஆலோசகர் டேவிட் கெர்கனுக்கும் ஸ்டெஃபனோபொலஸுக்கும். ஒன்றைக் கொடுத்தால் பத்தைக் கேட்பார்கள் என்றார்கள் வழக்கறிஞர்கள். ஹிலாரியும் அவர்கள் பக்கம். கொடுக்கவில்லை.

கொடுக்காததே செய்தியாகிவிட்டது. 1994 ஜனவரியில் கிளின்டனே தனி விசாரணை அதிகாரியை நியமிக்கச் சொல்ல வேண்டிய நிலை. முதலில் ராபர்ட் ஃபிஸ்க் வந்தார், ஆகஸ்டில் அவர் இடத்துக்கு கென்னத் ஸ்டார். 1994-ல் சம்மன் அனுப்பிக் கேட்ட, ஹிலாரி முன்பு வேலை பார்த்த சட்ட நிறுவனத்தின் கணக்குத் தாள்கள் 1996 ஜனவரியில் வெள்ளை மாளிகையிலேயே கிடைத்தன! அதே மாதம் ஹிலாரி கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று பார்க்கும் குடிமக்கள் குழு) முன் சாட்சி சொல்லப் போனார். அமெரிக்க அதிபர் ஒருவரின் மனைவிக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. நிலத்தில் தொடங்கிய அதே ஸ்டார் விசாரணைதான் பிறகு வெள்ளை மாளிகையில் பயிற்சி ஊழியராக இருந்த மோனிகா லெவின்ஸ்கியோடு கிளின்டனுக்கு இருந்த உறவு பற்றிய விவகாரத்துக்குள் நுழைந்து, 1998 டிசம்பரில் பதவி நீக்கத் தீர்மானம் வரை போனது. நில விவகாரத்தில் தம்பதி மீது வழக்குப் போட ஆதாரம் போதாது என்று 2000-ல் சொல்லிவிட்டார்கள். ஒன்றுமில்லாத ஒரு நிலத்துக்காக ஏழு வருடம்.

இதன் தங்கைத் தவறு, தவணை முறையில் உண்மையைச் சொல்வது. பைடன் ஆட்சி இதில் மாட்டியதைத் தேதிவாரியாகப் பார்த்தால்தான் புரியும். 2022 நவம்பர் 2 அன்று, பைடன் முன்பு பயன்படுத்திய வாஷிங்டன் அலுவலகத்தில் அரசு ரகசிய ஆவணங்கள் கிடைத்தன. அவருடைய வழக்கறிஞர்கள் உடனே தேசிய ஆவணக் காப்பகத்துக்குத் தகவல் சொன்னார்கள், சரியான காரியம். ஆனால் வெளியே சொல்லவில்லை. ஆறு நாளில் நாடாளுமன்றத்துக்கான இடைக்காலத் தேர்தல் இருந்தது. டிசம்பர் 20-ல் டெலவேர் வீட்டுக் கார் கொட்டகையில் இன்னொரு தொகுதி கிடைத்தது. ஜனவரி 9 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சி விஷயத்தை உடைத்தது. அன்றைக்கு வெள்ளை மாளிகை கொடுத்த அறிக்கையில் முதல் தொகுதி பற்றி மட்டும்தான் இருந்தது. இரண்டாவது கிடைத்து அப்போதே மூன்று வாரம் ஆகியிருந்தது. ஜனவரி 12-ல் அதையும் ஒப்புக்கொண்டார்கள். தேடுதல் முடிந்துவிட்டது என்ற பொருளில் செய்தித் தொடர்பாளர் கரீன் ஷான்-பியர் அன்று பேசினார். அதே நாள் சாயந்திரம் மேலும் ஐந்து பக்கங்கள் கிடைத்து, 14-ம் தேதி சனிக்கிழமை அதற்கும் ஒரு அறிக்கை. அடுத்த வாரம் எஃப்.பி.ஐ. வந்து தேடியபோது இன்னும் சில.

'நாங்களே தேடினோம், நாங்களே காப்பகத்தைக் கூப்பிட்டோம், இதே போன்ற ஆவண விவகாரத்தில் மாட்டிய டிரம்ப் அப்படிச் செய்யவில்லை' என்பது அவர்கள் கையில் இருந்த நல்ல வாதம். 9-ம் தேதி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருந்தால் அது எடுபட்டிருக்கும். சொட்டுச் சொட்டாகச் சொன்னதில் அந்த வாதம் யார் காதிலும் விழவில்லை.

இதைச் சரியாகச் செய்து காட்டியவரும் வெள்ளை மாளிகையில் இருந்தவர்தான். 1997-ல் கிளின்டனின் தேர்தல் நிதி பற்றி செனட் விசாரித்தபோது, அங்கே சிறப்பு ஆலோசகராக இருந்த வழக்கறிஞர் லானி டேவிஸ், சங்கடமான ஆவணங்களைக் குழு வெளியிடும் முன்பே நிருபர்களிடம் கொடுத்துவந்தார். குழு கூடி அதைத் தூக்கிக் காட்டும்போது அது பழைய செய்தி. குடியரசுக் கட்சியினருக்குக் கோபமான கோபம்.

தெரியாததைச் செய்தித் தொடர்பாளர் வாயால் சொல்ல வைப்பது

1972-ல் வாட்டர்கேட் கட்டடத்தில் ஆள் நுழைந்ததை மூன்றாந்தரத் திருட்டு என்று தள்ளினார் நிக்ஸனின் செய்தித் தொடர்பாளர் ரான் ஸீக்லர். 1973 ஏப்ரலில் அதே மனிதர், முன்பு சொன்னவையெல்லாம் இனி செல்லாது என்று நின்றார். முப்பது வருடம் கழித்து இளைய புஷ்ஷின் செய்தித் தொடர்பாளர் ஸ்காட் மெக்ளெல்லன் அதே குழியில் விழுந்தார்.

அந்தக் கதையில் இன்னொரு தவறும் சேர்ந்திருக்கிறது: வாதத்தை விட்டுவிட்டு ஆளை அடிப்பது. 2003 ஜூலை 6 அன்று முன்னாள் தூதர் ஜோசப் வில்சன் ஒரு கட்டுரை எழுதினார். ஈராக் ஆப்பிரிக்காவில் யுரேனியம் வாங்க முயன்றது என்ற புஷ் அரசின் பேச்சுக்கு அடிப்படையே இல்லை என்றார். அதிபர் உரையில் அந்த வரி இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை மறுநாளே ஒப்புக்கொண்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் வில்சனை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியதே அவர் மனைவிதான், அவர் சி.ஐ.ஏ. என்ற தகவலை அதிகாரிகள் சிலர் நிருபர்களிடம் போட்டுவைத்தார்கள். ஜூலை 14-ல் அந்த மனைவி வேலரி பிளேமின் பெயர் அச்சில் வந்தது. ரகசிய உளவு அதிகாரியின் பெயர் வெளியானதால் அது குற்ற விசாரணை ஆயிற்று. புஷ்ஷின் ஆலோசகர் கார்ல் ரோவ், துணை அதிபர் செனியின் தலைமை உதவியாளர் லிபி போன்றோருக்கு இதில் சம்பந்தமில்லை என்று, அவர்கள் சொன்னதை நம்பி அந்த அக்டோபரில் மெக்ளெல்லன் நிருபர்களிடம் சொன்னார். அது பொய் என்று இரண்டு வருடத்தில் தெரிந்தது. லிபி 2007-ல் பொய்ச்சாட்சிக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். வில்சனின் கட்டுரையை மறந்தவர்களுக்கும் பிளேம் பெயர் நினைவிருக்கிறது.

லெவின்ஸ்கி விவகாரத்தில் கிளின்டனின் செய்தித் தொடர்பாளர் மைக் மெக்கரி வேறு வழி பிடித்தார். உண்மை என்ன என்று கிளின்டனிடம் தானாகக் கேட்பதே இல்லை என்று முடிவெடுத்தார். வழக்கறிஞர்கள் ஒப்புதல் தந்த வாக்கியத்தை வாசிப்பார், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்பார். பார்ப்பதற்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் ஆகஸ்டில் அதிபர் உண்மையை ஒப்புக்கொண்டபோது மெக்கரி விழுங்க வேண்டிய வார்த்தை அதிகம் இல்லை.

வேகத்துக்காகச் சொந்த ஆளைப் பலி கொடுப்பது

அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். 2010 ஜூலை 19 திங்கட்கிழமை வெள்ளை மாளிகையும் வேளாண் துறையும் அதைச் செய்து காட்டின. ஷெர்லி ஷெராட் ஜார்ஜியா மாநிலத்தில் ஊரக வளர்ச்சிப் பிரிவின் இயக்குநர், கறுப்பினப் பெண்மணி. ஒரு வெள்ளைக்கார விவசாயிக்கு முழு மனதோடு உதவவில்லை என்று அவர் மேடையில் பேசும் துண்டு வீடியோ அன்று இணையத்தில் வந்தது. சாயந்திரம் அவர் காரில் போய்க்கொண்டிருந்தபோது வாஷிங்டனிலிருந்து மேலதிகாரி திரும்பத் திரும்ப அழைத்து, வண்டியை ஓரம்கட்டி பிளாக்பெர்ரி கைபேசியிலேயே ராஜினாமாவை அனுப்பச் சொன்னதாக அவரே பின்னர் கூறினார். அனுப்பினார்.

மறுநாள் முழு உரை வெளியானது. அது 24 வருடம் முந்தைய கதை. முதலில் தயங்கினேன், பிறகு பிரச்சினை நிறத்தில் இல்லை, வறுமையில் இருக்கிறது என்று புரிந்து அந்த விவசாயியின் நிலத்தைக் காப்பாற்றினேன் என்பதுதான் பேச்சின் சாரமே. அந்த விவசாயக் குடும்பமே தொலைக்காட்சியில் வந்து அவருக்காகப் பேசியது. புதன்கிழமை வேளாண் துறைச் செயலர் டாம் வில்சாக் மன்னிப்புக் கேட்டார். வியாழன் அன்று ஒபாமா தொலைபேசியில் பேசினார். முழு வீடியோவைக் கேட்டுப் பார்க்க முக்கால் மணி நேரம் போதும். பின்னர் வேறு பதவி தருவதாகச் சொன்னார்கள், ஷெராட் ஏற்கவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறு, பதிலைப் பத்துக் கை மாற்றுவது. 2012-ல் லிபியாவின் பெங்காசியில் அமெரிக்கத் தூதர் உட்பட நால்வர் கொல்லப்பட்ட பிறகு, என்ன பேசலாம் என்ற குறிப்பு சி.ஐ.ஏ., வெளியுறவுத் துறை, வெள்ளை மாளிகை என்று சுற்றிச் சுற்றி வந்து தேய்ந்தது. முன்பே வந்த எச்சரிக்கைகள் பற்றிய வரிகள் அதில் உதிர்ந்தன. அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு, இந்த விஷயத்தில் பொறுப்பே இல்லாத ஐ.நா. தூதர் சூசன் ரைஸ் ஒரே ஞாயிறில் ஐந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் பேசினார். அந்தப் பேச்சில் கிளம்பிய சர்ச்சையில் வெளியுறவுச் செயலர் பதவி அவருக்குக் கைநழுவியது. திருத்தங்கள் அடங்கிய 100 பக்க மின்னஞ்சலை அடுத்த மே மாதம் வெளியிட வேண்டியதாயிற்று.

அரசுப் பணம் என்பதை மறப்பது

2009 ஆகஸ்டில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா பற்றி வதந்திகள் பறந்தன. முதியவர்களுக்குச் சிகிச்சை தரலாமா என்று அதிகாரிகள் முடிவெடுப்பார்கள் என்று குடியரசுக் கட்சியின் சாரா பேலின் ஃபேஸ்புக்கில் எழுதினார். மசோதாவில் இருந்ததோ, கடைசிக்கால சிகிச்சை பற்றி விரும்பினால் மருத்துவரிடம் பேசலாம், அந்த ஆலோசனைக்கு அரசு பணம் தரும் என்ற பிரிவு. மறுப்பு சொல்ல ஒரு இணையதளம் திறந்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் அதற்குச் சில நாள் முன்னால், சந்தேகமான மின்னஞ்சல் எதைக் கண்டாலும் எங்களுக்கு அனுப்புங்கள் என்று ஒரு வெள்ளை மாளிகை முகவரியைக் கொடுத்திருந்தார்கள். கட்சி அலுவலகம் கேட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கேட்டது அரசு. விமர்சிக்கும் குடிமக்களின் பெயரை அரசு சேகரிக்கிறதா என்று டெக்சஸ் செனட்டர் ஜான் கார்னின் கடிதம் போட்டார். வதந்தியைப் பற்றி இருந்த பேச்சு இந்த முகவரியைப் பற்றி மாறியது. அந்த மாதமே மூடிவிட்டார்கள்.

நாடாளுமன்றம் ஒப்பாத பிரசாரத்துக்கு அரசுப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று அமெரிக்க நிதிச் சட்டங்களில் பல பத்தாண்டுகளாக ஒரு தடை உண்டு. நீர்நிலை விதிகளுக்கு ஆதரவு திரட்ட, தன் பெயர் தெரியாதபடி சமூக ஊடகச் செய்தியைப் பரவவிட்ட சுற்றுச்சூழல் துறை அதை மீறிவிட்டது என்று 2015-ல் அரசுத் தணிக்கை அலுவலகம் சொன்னது. அரசு ஊழியர் பதவியை வைத்துத் தேர்தல் அரசியல் செய்யக் கூடாது என்ற 1939 சட்டம் தனி. டிரம்ப்பின் ஆலோசகர் கெல்லியன் கான்வே அதைத் திரும்பத் திரும்ப மீறியதால் பதவியிலிருந்து எடுக்கலாம் என்று 2019-ல் பரிந்துரையே வந்தது. டிரம்ப் எடுக்கவில்லை, அது வேறு.

எதற்குப் பதில் சொல்லாமல் விடுவது என்பதற்கு இவ்வளவு விளக்கம் தேவையில்லை. 2017 ஜனவரி 21, டிரம்ப் ஆட்சியின் முதல் முழு நாள். பதவியேற்புக்கு வந்த கூட்டம் சின்னது என்று பத்திரிகைகள் எழுதியதற்கு மறுப்புச் சொல்லச் செய்தித் தொடர்பாளர் ஷான் ஸ்பைசர் மேடையேறினார். அன்றைக்குப் போன நம்பகம் அவர் விலகும் வரை திரும்பவில்லை.

இத்தனைக்கும் ஏற்பாடாக வெள்ளை மாளிகை கண்டுபிடித்தது தனிக் குழு. 1995-ல் ஜேன் ஷெர்பர்ன், மார்க் ஃபேபியானி ஆகியோரை வைத்து, விசாரணைகளுக்கான தனிப் பிரிவை சட்ட ஆலோசகர் அலுவலகத்துக்குள் போட்டார்கள். சம்மன், கோப்பு, நிருபர் கேள்வி எல்லாம் அங்கே போகும். மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கலாம். 2022-ல் பைடன் அலுவலகமும் அதே பாணியில் இயன் சாம்ஸை விசாரணைகளுக்கான தொடர்பாளராக வைத்தது. ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கிறது. கோப்பு தெரிந்த ஆள் தொலைக்காட்சி மேடைக்கு வருவதில்லை. தினமும் மேடையில் நிற்பவருக்குக் கோப்பு தெரியாது. ஆவண விவகாரத்தில் ஷான்-பியர் நாள்தோறும் சட்ட ஆலோசகர் அலுவலகத்தைக் கேளுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார், ஒளிபரப்பானது அது மட்டும்தான். கேமரா இல்லாத தொலைபேசி அழைப்பில் சாம்ஸ் விளக்கியது அடுத்த நாள் பேப்பரில் நாலு வரி.