மீட்பு மின்னஞ்சல் கிளம்பும் முன் நம் சோதனையைச் சேர்த்தல்

ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்கூடத்துக்காக வேலூரிலிருந்து நாங்கள் ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வலைத்தளங்கள் எழுத உதவும் சட்டகம்) எழுதிக்கொடுத்த வருகைப்பதிவுத் தளத்தில், சொந்த மின்னஞ்சல் இல்லாத மேற்பார்வையாளர்கள் 12 பேரின் கணக்குகளும் அலுவலகத்தின் ஒரே முகவரியில் பதிவாகியிருந்தன. ஒருவர் கடவுச்சொல்லை மறந்துவிட்டு மீட்பு கேட்டதும் 12 மின்னஞ்சல்கள் வந்து விழுந்தன. எழுத்தர் மேலே கிடந்ததைத் திறந்து, வேறொருவரின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். கொடுத்த முகவரி எத்தனை கணக்குகளில் இருக்கிறதோ அத்தனைக்கும் தனித்தனியாக அஞ்சல் அனுப்புவதே ஜாங்கோவின் இயல்பு. ஆகவே சோதனையை நாம்தான் சேர்க்க வேண்டும்.

முதலில், மீட்புப் பக்கத்தைக் கையாளும் ஜாங்கோவின் பாஸ்வேர்ட் ரீசெட் வியூ கிளாஸிலிருந்து நமக்கென ஒரு கிளாஸை உருவாக்கி, யூஆர்எல் பட்டியலில் ஜாங்கோவின் வரிக்கு மேலே வையுங்கள். முதலில் பொருந்தும் வரியே எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்து, சோதனைக்குரிய இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் தடுமாறுவது இங்கேதான். அந்த கிளாஸின் டிஸ்பேட்ச் மெத்தட், பக்கத்தைத் திறக்கும்போதும் படிவத்தை அனுப்பும்போதும் ஓடும் என்பதால், கோரிக்கைகளை அங்கே எண்ணினால் பக்கத்தை வெறுமனே பார்த்தவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். ஃபார்ம் வேலிட் மெத்தட்டோ, முகவரியின் வடிவம் சரிபார்க்கப்பட்ட பிறகு, அஞ்சல் கிளம்புவதற்குச் சற்று முன் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு மூன்று கோரிக்கைகள் என்பது போன்ற வரம்புக்கு அதுவே பொருத்தமானது. வரம்பு மீறினால் சூப்பரை (மூல கிளாஸின் அதே மெத்தட்டை) அழைக்காமல், வழக்கமான 'அனுப்பப்பட்டது' பக்கத்துக்கே திருப்பிவிடுங்கள். பிழைச்செய்தி காட்டினால் அந்த முகவரியில் கணக்கு உண்டா என்று அந்நியர் ஊகிக்க வழி கிடைக்கலாம். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணிக்கையை ரெடிஸ் போன்ற, எல்லாப் பிராசஸ்களும் பகிரும் பொது கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வையுங்கள். ஜாங்கோவின் இயல்பான நினைவக கேஷ் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனியானது.

எங்கள் சிக்கலுக்கு இவ்விரு மெத்தட்களும் போதவில்லை. யாருக்கு அஞ்சல் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, படிவத்தில் உள்ள கெட் யூசர்ஸ் மெத்தட். பாஸ்வேர்ட் ரீசெட் ஃபார்மிலிருந்து புதிய படிவம் எழுதி, பணியாளர் எண்ணுக்கு ஒரு புலம் சேர்த்தோம்; சூப்பர் தரும் பயனர்களில் அந்த எண்ணுக்குரியவரை மட்டும் திருப்பியனுப்பச் செய்து, வியூவின் ஃபார்ம் கிளாஸாக அப்படிவத்தையே குறித்தோம். சூப்பரையே அழைப்பதால், முடக்கப்பட்ட கணக்குகளை ஜாங்கோ வழக்கம்போல் விலக்கிவிடுகிறது.

சோதித்துப் பார்க்கும்போது அஞ்சலை அனுப்பும் பகுதியான மின்னஞ்சல் பேக்கெண்டைக் கன்சோலுக்கு மாற்றிக்கொண்டால் அஞ்சல்கள் டெர்மினலிலேயே தெரியும். சரியான எண்ணுக்கு ஒரே அஞ்சல் வர வேண்டும். தவறான எண்ணுக்கு அஞ்சல் எதுவும் வராமல், திரையில் மட்டும் அதே 'அனுப்பப்பட்டது' பக்கம் தோன்ற வேண்டும்.