பத்து சதவீதம் வரை எடுத்தால் தப்பில்லையா? பல்கலைக்கழகங்களில் பதிப்புரிமை பற்றி நிலவும் தவறுகள்

“புத்தகத்தில் பத்து சதவீதம் வரை ஜெராக்ஸ் எடுத்துக்கலாம், கேஸ் வராது.” கல்லூரி வளாகங்களில் இதைச் சட்டமாகவே சொல்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இல் அப்படி ஒரு வரி இல்லை. ஒரு புத்தகத்தில் இத்தனை சதவீதம் எடுக்கலாம் என்ற கணக்கு ஆஸ்திரேலியச் சட்டத்தில் உண்டு. நம் ஊரில் பத்து சதவீதம் என்ற எண் வருவது வேறு இடத்தில்: கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளில். ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது வாசகம் பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் அளவு, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை கிடையாது என்கிறது அது. பிறர் எழுத்தைத் தனதாகக் காட்டும் கருத்துத் திருட்டு வேறு, உரிமையாளரின் அனுமதியோ சட்டத்தின் விலக்கோ இல்லாமல் நகலெடுக்கும் பதிப்புரிமை மீறல் வேறு. இவை இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

கோயில் சிற்பங்களைப் பற்றி ஆய்வேடு எழுதும் மாணவி ஒருவரை வைத்துப் பாருங்கள். ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருளின் அறிக்கையில் அது ஒன்பது சதவீதம். வழிகாட்டிக்கும் திருப்தி, அவருக்கும் நிம்மதி. ஆனால் பின்னிணைப்பில் நாற்பது வண்ணப் படங்கள், எல்லாமே அண்மையில் வெளிவந்த ஒரு புகைப்பட நூலிலிருந்து ஸ்கேன் செய்தவை. மென்பொருள் எழுத்தைத்தான் பார்க்கும். படங்கள் அதன் கண்ணில் படாது. ஒவ்வொரு படத்தின் கீழும் “நன்றி” என்று நூலின் பெயரைப் போட்டிருக்கிறார். அது நேர்மை, அதனால் கருத்துத் திருட்டு இல்லை. ஆனால் நன்றி சொல்வது அனுமதி வாங்கியதாக ஆகாது. அந்த ஆய்வேடு நாளை இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்துவைக்கும் ஷோத்கங்கா இணையதளத்தில் ஏறும், உலகத்தில் யாரும் பார்க்கலாம்.

அப்படியானால் படமே போடக்கூடாதா? போடலாம். சட்டத்தின் 52ஆம் பிரிவு ஆராய்ச்சி, விமர்சனம், மதிப்புரை ஆகியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஒரு சிற்பத்தின் கை முத்திரையைப் பற்றி நீங்கள் இரண்டு பக்கம் வாதிடுகிறீர்கள், அந்த வாதத்துக்கு அந்தப் படம் தேவை என்றால் உங்கள் நிலை வலுவானது. எந்த இடத்திலும் பேசப்படாமல் பின்னிணைப்பில் அழகுக்காக நிற்கும் படங்களுக்கு அந்த வலு இல்லை. அந்தச் சிற்பங்களை நீங்களே போய்ப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு மின்னஞ்சல் அனுப்பி அனுமதி கேளுங்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு தவறு நடக்கிறது, அதுதான் எனக்கு அதிகம் வருத்தம் தருவது. “காப்பிரைட் பிரச்சினை வரும்” என்று பயந்து, ஒரே ஒரு அத்தியாயம் தேவைப்படும் பாடத்துக்கு நாலாயிரம் ரூபாய்ப் புத்தகத்தை வாங்கச் சொல்கிறார்கள். டெல்லி வழக்கை அறிந்தவர்கள் இப்படிப் பயப்பட வேண்டியதில்லை. டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் இயங்கிய ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையில், பாடத்திட்டத்தில் உள்ள நூல்களின் தேவையான பக்கங்களைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் கடை மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ராஜீவ் சஹாய் எண்ட்லா அதைத் தள்ளுபடி செய்தார். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டால் குற்றமில்லை என்னும்போது, அதையே இயந்திரம் செய்தால் மட்டும் குற்றமாகிவிடாது என்பது அவர் வாதத்தின் மையம்.

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ நகல் எடுப்பதற்குச் சட்டம் அளவு எதையும் வைக்கவில்லை. பாடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்பதே வரம்பு என்றது. அந்தக் குறிப்பிட்ட தொகுப்புகள் உண்மையிலேயே பாடத்துக்குத் தேவைதானா என்று விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்களே வழக்கை விலக்கிக்கொண்டன.

இந்தத் தீர்ப்பைக் கேட்டதும் சிலர் மறுகோடிக்கு ஓடிவிடுகிறார்கள். முழு நூலையும் பிடிஎஃப் ஆக்கி ஆயிரம் பேர் உள்ள டெலிகிராம் குழுவில் போட்டுவிட்டு, “கல்விக்காகத்தானே” என்கிறார்கள். தீர்ப்பு பேசியது ஒரு பாடத்திட்டம், அதைப் படிக்கும் மாணவர்கள் பற்றி. வகுப்பில் காட்டும் அதே ஸ்லைடை யூடியூபில் ஏற்றும்போது பார்வையாளர் மாறிவிடுகிறார், சட்டத்தின் பார்வையும் மாறும். திரைப்படத்துக்கும் இதுதான் நிலை. கல்லூரிச் செயல்பாடாக, மாணவர்கள், ஊழியர்கள், பெற்றோர், கல்லூரிப் பணிகளோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கப் படம் போடலாம். திரைப்படச் சங்கம் போஸ்டர் ஒட்டி ஊரையே அழைத்தால் அந்த விலக்கு பொருந்தாது.

யூடியூப் என்றதும் நினைவுக்கு வருகிறது: தமிழ்ப் பாடக் காணொளிகளின் கீழே “ஃபேர் யூஸ், செக்‌ஷன் 107” என்று ஒரு பத்தியை ஒட்டிவைக்கும் வழக்கம். அது அமெரிக்கச் சட்டத்தின் பிரிவு. அங்கே நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு ஏற்படும் பாதிப்பு என நான்கையும் எடைபோட்டு நீதிமன்றம் முடிவு செய்யும். இந்தியாவில் சட்டம் பட்டியலிட்டிருக்கும் நோக்கங்களுக்குள் உங்கள் பயன்பாடு அடங்குகிறதா என்பதே முதல் கேள்வி. எந்த நாட்டிலானாலும் அந்தப் பத்தியை ஒட்டிவைப்பதால் மட்டும் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

பழைய நூல்களில் கவனம் தேவை. ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு ஆனபின் பதிப்புரிமை தீர்ந்துவிடும் என்பது சரிதான். 1921இல் மறைந்த பாரதியின் கவிதைகளை யாரும் அச்சிடலாம். ஆனால் அண்மையில் வந்த ஒரு செம்பதிப்பை, அதாவது பழைய படிகளை ஒப்பிட்டுத் திருத்திய பதிப்பை, அப்படியே ஸ்கேன் செய்தால், பதிப்பாசிரியரின் முன்னுரையும் அடிக்குறிப்புகளும் சேர்ந்தே வருகின்றன. அவை அவருடைய படைப்பு. நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடும் ஒரு நிறுவனத்தின் வழக்கில் 2007இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: தீர்ப்பின் மூலவாசகம் எல்லோருக்கும் பொது, பதிப்பாசிரியர் தன் திறனையும் தேர்வையும் செலுத்திச் சேர்த்த பகுதிகளுக்குப் பாதுகாப்பு உண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

உங்கள் சொந்தப் படைப்புக்கு வருவோம். ஆய்வேட்டைப் பதிவு செய்தால்தான் உரிமை என்பது தவறு. எழுதியவுடனே அது உங்களுடையது. வேறு ஒப்பந்தம் இல்லாதவரை உங்கள் எழுத்துக்கு வழிகாட்டி உரிமையாளர் ஆகமாட்டார். உரிமையை இழக்கும் இடம் ஆய்விதழ் அனுப்பும் படிவம். கட்டுரை ஏற்கப்பட்ட மகிழ்ச்சியில் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். முழு உரிமையையும் மாற்றிக் கொடுத்த பிறகு, இதழ் வடிவமைத்த பிடிஎஃப்பை நீங்களே இணையத்தில் போட்டாலும் மீறலாகலாம். இதழ் வடிவமைக்கும் முன் ஏற்கப்பட்ட உங்கள் கடைசிப் படியைப் பகிரப் பல இதழ்கள் விடுகின்றன. எத்தனை மாதம் கழித்து, எந்தத் தளத்தில் என்பதைப் படிவத்தில் பாருங்கள். உரிமையைக் காலம் குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்திருந்தால் சட்டப்படி ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். இது பலருக்குத் தெரிவதில்லை.

கடைசியாக ஒன்று, இதை ஒவ்வொரு நூலகரும் துறைத் தலைவரும் அறிந்திருக்க வேண்டும். பார்வையற்ற மாணவர் பாடநூலை ஸ்கேன் செய்து தரச் சொன்னால், பதிப்புரிமையைக் காரணம் காட்டி மறுக்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இதற்கென்றே விலக்கு அளித்திருக்கிறது. முழு நூலையும் அவர் பயன்படுத்தக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தரலாம். நூலகம்தான் செய்ய வேண்டும் என்றில்லை; பக்கத்து இருக்கைத் தோழரே செய்து கொடுக்கலாம். பதிப்பகத்திடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கவும் வேண்டாம்.