பாம்பு இரையைத் தொடவில்லையா? முதலில் வெப்பநிலையைப் பாருங்கள்

வளர்ப்புப் பாம்பு இரையைத் தொடாவிட்டால் உடனே நோய் என்று பயந்துவிடாதீர்கள். பாம்புக்கு உடல் சூடு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும், அந்தச் சூடு குறைந்தால் விழுங்கியது செரிக்காது, அதனால் அது சாப்பிடாமலே இருந்துவிடும். பால் பைத்தான் (Ball Python, வீட்டில் வளர்க்கப்படும் ஒரு மலைப்பாம்பு வகை) என்றால் கூண்டின் ஒரு பக்கம் 31, 32 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் தெர்மாமீட்டர் வைத்தே பாருங்கள்.

சூடு சரியா? அப்புறம் கண்ணைக் கவனியுங்கள். பால் படர்ந்ததுபோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப் போகிறது, உரித்து முடிக்கும்வரை விட்டுவிடுங்கள். புதிதாக வந்த பாம்பென்றால் ஒரு வாரமாவது கையில் எடுக்காமல், ஒளிந்துகொள்ள இருட்டான இடம் கொடுத்து, அதன் போக்கில் விடுங்கள். பெரும்பாலும் நம் ஆசைதான் அதைப் பயமுறுத்துகிறது.

உறைந்த எலியை நன்றாக உருக்கி, வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள். உயிருள்ள எலியை உள்ளே விட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள், அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும்.

வளர்ந்த பால் பைத்தான் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில்கூடப் பட்டினி கிடக்கும். எடை மட்டும் குறையக் கூடாது. எடை இறங்கினாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, வாயில் சளி தெரிந்தாலோ ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள்.