தானமாக வரும் உடல்: வாசலிலேயே தொடங்கும் பாதுகாப்பு

“ஃபார்மலின் ஏத்தியாச்சு மேடம், இனி எந்தக் கிருமியும் இருக்காது” என்று டிசெக்‌ஷன் ஹாலில் அடிக்கடி கேட்கிறேன். பாதிதான் சரி. ஃபார்மலின், உடல் கெடாமல் இருக்க ஏற்றும் ரசாயனத் திரவம்; அதற்கும் அழியாதவை உண்டு. உடற்கூறியல் பாடம் எடுக்கிறவள் நான். துறைக்குப் புதிதாக வருகிறவர்களை முதலில் மாணவர்கள் அறுத்துப் படிக்கத் தானமாக வரும் உடல் இறங்கும் வாசலுக்குத்தான் கூட்டிப்போவேன். பாதுகாப்பில் பெரும்பகுதி அங்கேயே முடிவாகிவிடும்.

உடன் வந்த உறவினரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம் பேச்சைத் தொடங்குங்கள். இறப்புக் காரணச் சான்றிதழ் (ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் என்றால் 4ஏ) கையில் இருக்கும். அதில் “மாரடைப்பு” என்று மட்டும் இருந்தால் நமக்குப் போதாது. காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டாரா, மஞ்சள் காமாலை வந்ததா என்று கேளுங்கள். நான் விடாமல் கேட்பது கடைசிச் சில மாதங்களைப் பற்றி. “அப்பாவுக்கு மறதி திடீரென்று அதிகமானதா? நடை தள்ளாடியதா? கை கால் வெட்டி வெட்டி இழுத்ததா?” இதெல்லாம் மளமளவென்று முற்றியிருந்தால் குரூட்ஸ்ஃபெல்ட்-ஜேகப் என்ற மூளை நோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் காரணமான பிரியான் என்ற உருக்குலைந்த புரதத்தை ஃபார்மலின் அழிக்காது. அந்த உடலை ஏற்கவே கூடாது.

எம்பாமிங்குக்கு, அதாவது உடலைப் பதப்படுத்தத் திரவம் ஏற்றுவதற்கு, முன்பே ரத்தம் எடுத்து எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் சோதித்துவிடுங்கள். தொற்றின் ஆரம்ப வாரங்களில் சோதனையில் தெரியாமல் போகலாம். அதனால் நெகட்டிவ் என்றாலும் முன்னெச்சரிக்கை குறையக் கூடாது. உடலை மறுக்க நேர்ந்தால் காரணத்தை வராந்தாவில் நின்று சொல்லாதீர்கள். உரியவரைத் தனியறைக்கு அழைத்து மருத்துவரே பேசட்டும். தானம் கொடுக்க வந்த குடும்பம் தலைகுனிந்து திரும்பக் கூடாது.

தொடைத் தமனியைத் திறந்து திரவம் ஏற்றும் நேரம்தான் மிக ஆபத்தானது; ரத்தம் இன்னும் பதப்படவில்லை. இரட்டைக் கையுறை, மாஸ்க், கண் கவசம், பிளாஸ்டிக் ஏப்ரன் எல்லாம் வேண்டும். ரத்தக்கட்டி அடைத்த இடத்துக்குத் திரவம் போய்ச் சேராது. கைவிரல், கால்விரல், காது மடலை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் அங்கே ஊசியால் தனியாக ஏற்றுங்கள்.

ஹாலில் நுரையீரலைக் கவனமாகப் பாருங்கள். மேல்நுனியை வெட்டும்போது பனீர் (பாலாடைக்கட்டி) போல வெளுத்து உதிர்ந்தால் காசநோயாக இருக்கலாம்; கத்தியை வைத்துவிட்டு, ஃபார்மலினில் நனைத்த துணியால் மூடி, ஆசிரியரைக் கூப்பிடுங்கள். எம்பாமிங் செய்த உடல்களிலும் காசநோய்க் கிருமி உயிரோடு கிடைத்ததுண்டு. எலும்பு அறுக்கும்போது ஈரப்படுத்தி அறுத்தால் தூள் பறக்காது.

மாணவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை (0, 1, 6 மாதங்கள்) முடித்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். பிளேடைக் கையால் கழற்ற விடாதீர்கள். ஆர்டரி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியால் பிடித்துக் கழற்றி, துளைபடாத வெள்ளை டப்பாவில் போடச் சொல்லுங்கள். விரலில் வெட்டுப்பட்டால் பிதுக்கவோ வாயில் வைக்கவோ கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, எந்த உடல் என்ற எண்ணோடு பதிவேட்டில் எழுத வேண்டும். எம்பாமிங் ஆகாத உடல் என்றால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.